வாசகர் கேள்வி பதில்: பருவங்களும் கவிதையும்

இயற்கையைப் பற்றிக் கவிதை எழுதுவோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. பார்க்கிறோம், மனம் நெகிழ்கிறது, எழுத உட்கார்ந்தால் யாரோ ஏற்கெனவே எழுதியதுதான் கைக்கு வருகிறது என்பதே அந்தக் கவலை. அவற்றுள் சில கடிதங்களுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் சேர்க்கவில்லை.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏழாவது தளத்தில் வசிக்கிறேன். சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். ஆற்றங்கரையிலும் மலையடிவாரத்திலும் வாழ்பவர்கள் இயற்கையை எழுதலாம். என்னைப் போன்றவர்கள் விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதுதானா?

பதில்: காத்திருக்க வேண்டாம். விடுமுறையில் பார்த்துவிட்டு வரும் மலையைப் பற்றி எழுதுவது, அன்றாடம் பார்க்கும் சுவரைப் பற்றி எழுதுவதைவிடக் கடினம் என்றே நான் நினைக்கிறேன். மூன்று நாள் தங்கியவருக்கு மலையின் மூன்று நாள்தான் தெரியும். சென்ற மாதம் அது எந்த நிறத்தில் இருந்தது, அடுத்த மழைக்கு எந்தச் சரிவில் முதலில் பசுமை ஏறும் என்பவை அவருக்குத் தெரிய வழியில்லை. பருவத்தைக் காண்பது என்றால் மாற்றத்தைக் காண்பது. அதற்கு ஒரே இடத்தில் நின்று பலமுறை பார்க்கும் வசதி வேண்டும். அந்த வசதி உங்கள் சன்னலில் இருக்கிறது.

சுவரில் விழும் வெயிலிலிருந்து தொடங்குங்கள். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் உதிக்கும் இடம் ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜூன் 21ஆம் தேதியை ஒட்டி வடகோடியையும், டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டித் தென்கோடியையும் தொட்டுத் திரும்புகிறது. இதைப் பள்ளியில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, காலை ஏழரை மணிக்கு என் அறைச் சுவரில் விழும் வெயில் சதுரத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதியை எழுதி வைத்தேன். வாரத்துக்கு ஒரு கோடு. தொடக்கத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே விரற்கடை கணக்கில் இடைவெளி இருந்தது. ஆண்டின் கடைசி மாதம் நெருங்க நெருங்க அந்த இடைவெளி சுருங்கியது; ஒரு வாரம் புதிய கோட்டைப் பழைய கோட்டின் மேலேயே இழுக்க வேண்டியதாயிற்று; அதன் பிறகு வெயில் வந்த வழியே திரும்பத் தொடங்கியது. திரும்புவதற்கு முன் சூரியன் இவ்வளவு தயங்குகிறான் என்பதை என் சுவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்த வாரத்தில் நான் எழுதிய கவிதையில் சூரியன் இல்லை. வீட்டை விட்டுப் புறப்பட்டு வாசலில் நின்றுவிட்ட ஒருவர் இருக்கிறார்.

எதிர்ச் சுவரின் வெடிப்புகளையும் கவனியுங்கள். பழத்தைத் தின்ற பறவை எச்சமிட்ட இடத்தில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கக்கூடும். அதன் இளந்தளிர் பச்சையாக வருவதில்லை, செம்மையாக வருகிறது. ஏழாவது மாடி உயரத்தில், மண்ணே இல்லாத இடத்தில், அது எந்த வாரம் தளிர்க்கிறது என்று குறித்து வைத்தாலே உங்களுக்கு ஒரு பருவம் கிடைத்துவிடும்.

கேள்வி: மழையைப் பற்றி எழுதிய வரிகளை இத்துடன் அனுப்புகிறேன். “வானம் அழுகிறது, மேகத்தின் கண்ணீர் மண்ணில் விழுகிறது, என் மனமும் நனைகிறது.” படித்தவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு நிறைவாக இல்லை. அன்று மாலை உண்மையிலேயே மனம் கனத்திருந்தது. மாடியில் உலர்த்திய துணிகளை எடுக்க ஓடினேன். எல்லாம் எடுத்துவிட்டேன், வெளியூர் போயிருந்த என் கணவரின் சட்டை ஒன்று மட்டும் ஒரு பக்கம் நனைந்துவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்து இதை எழுதினேன். எங்கே தவறுகிறது?

பதில்: உங்களுக்கு நிறைவில்லை என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். பாராட்டு வந்த பிறகும் அந்த உறுத்தல் இருப்பவரால்தான் மேலே செல்ல முடியும்.

வானம் அழுவதை நீங்கள் பார்க்கவில்லை. அது படித்துப் படித்து மனத்தில் படிந்துபோன தொடர். மழை என்றால் கண்ணீர், பனித்துளி என்றால் முத்து, நிலா என்றால் முகம் என்று நம் எல்லோரிடமும் இவ்வாறான தொடர்கள் ஆயத்தமாக இருக்கின்றன. முதலில் இவற்றைச் சொன்னவர் எதையோ புதிதாகக் கண்டு சொல்லியிருப்பார்; நாம் கையிலெடுக்கும்போது அந்தக் காட்சி தேய்ந்து சொல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. எழுத உட்கார்ந்த உடனே வரும் முதல் உவமை ஏறக்குறைய எப்போதும் இப்படிப்பட்டதாகவே இருக்கும். இரண்டாவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஆனால் கவிதை உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கடிதம் எழுதும்போது அழகாக எழுத வேண்டும் என்ற நினைவு இல்லாததால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டீர்கள். ஓடியது, எல்லாவற்றையும் எடுத்தது, ஒன்று மட்டும் தப்பியது, அது யாருடையது என்பது. உங்கள் சொற்களையே வைத்து நான் ஒரு முறை எழுதிப் பார்த்தேன்:

முதல் துளிக்கே ஓடினேன்.
கொடியில் கிடந்த உன் சட்டையில்
ஒரு தோள் மட்டும்
நனைந்திருந்தது.

இதில் மழை என்ற சொல்லே இல்லை. துளி போதுமானதாக இருக்கிறது. ‘கணவர்’ என்று எழுதாமல் ‘உன்’ என்று எழுதியதால், பேசுகிறவருக்கும் கேட்க இயலாத தொலைவில் இருப்பவருக்கும் இடையே உள்ள தூரம் அந்த ஒரு சொல் மாற்றத்துக்குள் வந்துவிடுகிறது. தோள் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். நீங்கள் ‘ஒரு பக்கம்’ என்றுதான் எழுதியிருந்தீர்கள். சட்டைக்குத் தோள் என்றவுடன் அதற்குள் ஓர் உடல் வந்து நிற்கிறது. சாய்ந்து அழுதவர் யார் என்ற கேள்வியைப் படிப்பவர் தாமே எழுப்பிக்கொள்வார். அழுகை என்ற சொல்லை நாம் எழுத வேண்டியதில்லை.

என் வரிகளை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. கடிதத்தையும் கவிதையையும் அருகருகே வைத்து, எதில் உங்கள் மாலை இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். அடுத்த முறை எழுதும்போது முதலில் உவமையே இல்லாமல் நடந்ததை உரைநடையில் பத்து வரி எழுதுங்கள். அதைத் தாண்டியும் ஓர் உவமை தேவைப்பட்டால் அது வந்து சேரும்.

கேள்வி: மரங்களின் பெயரும் பறவைகளின் பெயரும் தெரிந்தால்தான் இயற்கைக் கவிதை எழுத முடியுமா? ‘ஒரு மரம்’, ‘ஒரு பறவை’ என்று எழுதினால் போதாதா?

பதில்: தெரிந்துகொள்ளுங்கள். பெயரைத் தேடிச் செல்லும்போதுதான் கண் கூர்மையாகிறது. ‘ஒரு மரத்தில் மஞ்சள் பூ’ என்று எழுதுபவர் அதோடு நகர்ந்துவிடுவார். அது பூவரசு என்று அறிந்தவர், காலையில் மஞ்சளாக விரிந்த பூ வாடும்போது செம்மை கலந்த ஊதாவாக மாறி உதிர்வதையும் காண்பார். பல ஆண்டுகள் நானும் குயிலைப் பெண்ணாகவே எழுதி வந்தேன். இழைத்துக் கூவுவது கருநிற ஆண் குயில் என்பதும், பெண் குயில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகளோடு, முற்றிலும் வேறொரு குரலில் விரைந்து ஒலியெழுப்பும் என்பதும் பின்னரே தெரிய வந்தது. அதன் பிறகு அந்தப் பழைய கவிதைகளை என்னால் படிக்க முடியவில்லை. கூவி அழைப்பவன் ஒருவன், மறைந்திருந்து வேறு குரலில் விடை தருபவள் ஒருத்தி என்ற உண்மையான காட்சி நான் கற்பனை செய்ததைவிட எவ்வளவோ வளமானது.

கேள்வி: நான் மிகுதியும் படிப்பது மொழிபெயர்ப்புக் கவிதைகளை. அவற்றில் வசந்தம், இலையுதிர் காலம், உறைபனி என்று பருவங்கள் தெளிவாக மாறுகின்றன. நான் எழுதும்போதும் அவைதான் வருகின்றன; ஆனால் பனி பொழிவதை நான் பார்த்ததே இல்லை. வெப்ப நிலத்தில் வாழ்பவருக்கு எழுதத்தக்க பருவங்கள் குறைவு என்று எண்ணுவது சரியா?

பதில்: நீங்கள் காணாத பனியை எழுத வேண்டாம். படித்த பனி, எழுதும்போது காகிதமாகத்தான் இருக்கும். வெப்ப நிலத்தில் பருவங்கள் குறைவு என்ற எண்ணத்தையும் கைவிடுங்கள். பருவங்கள் உண்டு, அவற்றின் அடையாளங்கள் வேறு. குளிர் நிலங்களில் மரம் குளிருக்கு முன் இலை உதிர்க்கிறது. வெப்ப நிலங்களில் பல மரங்கள் வறண்ட மாதங்களில், இருக்கும் நீரைக் காத்துக்கொள்வதற்காக உதிர்க்கின்றன. சில மரங்கள் இலையெல்லாம் போன வெற்றுக் கிளையில், கொடும் வெயிலில் பூக்கின்றன. உதிர்தலும் பூத்தலும் ஒரே வாரத்தில் நடக்கும் அந்த வேனிலை இரவல் வாங்கிய வசந்தத்தைக் கொண்டு எழுத முடியாது.

உங்கள் கையில் உள்ள மொழி இதற்கென்றே பழக்கப்பட்டது. ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்ததோடு நில்லாமல், நாளையும் மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று பிரித்தவர்கள் நம் முன்னோர். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் என்று பெரும்பொழுதும் சிறுபொழுதும் இணைத்தே சொல்லப்பட்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். கார்காலம் முழுவதுமே காத்திருப்பின் காலம்தான். ஆயினும் காத்திருப்பவருக்கு அதன் மாலைதான் தாங்க முடியாதது என்று கண்டறிந்த நுட்பம் அது. ‘மழைக்காலத்தில்’ என்று பொதுவாகத் தொடங்குவதற்கும், எந்த மாதத்து மழை, எந்தப் பொழுது என்று தீர்மானித்துக்கொண்டு தொடங்குவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நீங்கள் முதல் வரியிலேயே உணர்வீர்கள்.

சொற்களும் அப்படியே. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் வாழ்க்கைக்கு ஏழு சொற்கள் இருக்கின்றன. இலைக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வயது உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றையெல்லாம் கவிதையில் அடுக்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி அடுக்கினால் அகராதி போலாகிவிடும். வெளியே செல்லும்போது இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு செல்லுங்கள். உதிரும் நிலையில் உள்ள பூவுக்கு ‘வீ’ என்று ஒரு பெயர் உண்டு என அறிந்தவர், உதிர்வதற்கு முந்திய அந்தக் கணத்துக்காகக் கிளையை அண்ணாந்து பார்ப்பார்.

பிறரும் இவ்வாறு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானியரின் பழைய நாட்காட்டி ஆண்டை 72 பகுதிகளாக, ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்தது. சீனத்திலிருந்து பெற்ற அந்தப் பகுப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணுக்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சியே பெயர்: கீழைக்காற்று பனிக்கட்டியை உருக்குகிறது, வானவில் மறைகிறது என்பன போல. உங்கள் தெருவை வைத்து நீங்களே இப்படி ஒரு நாட்காட்டி எழுதத் தொடங்கலாம். ஐந்து நாளுக்கு ஒரு வரி, அதில் ஒரு வினைச்சொல் கட்டாயம் இருக்க வேண்டும். ஓராண்டில் 72 வரிகள் சேரும். அவற்றில் பத்து வரிகளாவது கவிதைக்கு வித்தாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: நடைப்பயிற்சியின்போது கைப்பேசியில் நிறையப் படங்கள் எடுக்கிறேன். பிறகு அவற்றைப் பார்த்து எழுதலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் பாருங்கள், அங்கேயே இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள், பிறகு படம் எடுங்கள். படத்தில் மணம் இல்லை, காற்று வந்த திசை இல்லை, உங்கள் உள்ளங்கால் சுட்டதும் இல்லை.

கேள்வி: குறிப்பேடு வைத்திருக்கிறேன். தவறாமல் எழுதுகிறேன். ஆனால் குறிப்புகள் குறிப்புகளாகவே இருக்கின்றன, கவிதை ஆவதில்லை. உள்ளக்கிளர்ச்சி வரும் வரை காத்திருப்பதுதான் முறையா?

பதில்: 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று, இங்கிலாந்தில் டாரதி வேர்ட்ஸ்வொர்த் தம் அண்ணன் வில்லியமுடன் ஓர் ஏரிக்கரை வழியாக நடந்து சென்றார். காற்று பலமாக வீசிய நாள் அது. கரையோரம் நெடுகப் பூத்திருந்த டாஃபடில் பூக்களைப் பற்றி டாரதி தம் நாட்குறிப்பில் எழுதினார். சில பூக்கள் களைத்துப்போய்த் தலையணையில் சாய்வதுபோல் கற்களின் மேல் தலை சாய்த்திருந்ததையும், மற்றவை காற்றில் சுழன்று ஆடியதையும் குறித்துவைத்தார். வில்லியம் அந்தப் பூக்களைப் பற்றிய தம் கவிதையை எழுதியது 1804இல். அது அச்சில் வந்தது 1807இல். உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் படித்த அந்தக் கவிதையில் கவிஞர் தனியாக அலைகிறார். உண்மையில் தங்கை உடனிருந்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு செய்திகள். ஒன்று, பார்த்ததற்கும் எழுதியதற்கும் இடையே இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. உங்கள் குறிப்பேடு இன்னும் கவிதை தராததால் அது வீணாயிற்று என்று பொருளில்லை. மற்றொன்று, குறிப்பில் இருந்த ஒரு மனிதரை நீக்கிய பிறகே அந்தக் கவிதையின் தனிமை பிறந்தது. குறிப்பு நடந்ததை எல்லாம் வைத்திருக்கிறது. கவிதைக்கு அதில் ஒன்றை எடுத்துவிட வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு இதே மாதத்தில் எழுதிய பக்கத்தைத் திறந்து, அதில் எந்த ஒன்றை நீக்கினால் மற்றவை பேசத் தொடங்கும் என்று பாருங்கள். சென்ற வாரப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். அந்த நாள் இன்னும் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது.

உள்ளக்கிளர்ச்சி வரும்போது வரட்டும். எனக்கு அது எழுதத் தொடங்கிய பிறகு, மூன்றாவது அல்லது நான்காவது வரியில்தான் வந்திருக்கிறது.

கேள்வி: நான் அறிவியல் மாணவன். இலை ஏன் மஞ்சளாகிறது, மண் ஏன் மணக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வியப்பு போய்விடுகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அறிவு கவிதைக்குப் பகையா?

பதில்: இல்லை. நீங்கள் குறிப்பிட்ட இரண்டையுமே எடுத்துக்கொள்வோம். இலையில் பச்சையம் சிதையும்போது, அதுவரை அதனால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. அதாவது மஞ்சள் புதிதாக வந்து சேரவில்லை. தளிரான நாள் முதல் அந்த இலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. முதுமையைப் பற்றி எழுத நினைக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்குமா என்று தெரியவில்லை.

மண்மணத்துக்கு வருவோம். ஆஸ்திரேலிய அறிவியலாளர்களான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964இல் அதற்கு ‘பெட்ரிக்கோர்’ என்று பெயரிட்டனர். கல் என்ற கிரேக்கச் சொல்லையும், தேவர்களின் நாளங்களில் ஓடுவதாகப் புராணம் சொல்லும் நீர்மத்தின் பெயரையும் சேர்த்து அவர்கள் அதை அமைத்தனர். வறண்ட நாட்களில் செடிகொடிகள் கசியவிடும் எண்ணெய்ப் பொருள்களை மண்ணும் பாறையும் உறிஞ்சி வைத்திருக்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளை உண்டாக்குகின்றன. துளி விழுந்து தெறிக்கும்போது இவை நுண்ணிய திவலைகளாகக் காற்றில் ஏறுகின்றன. வறட்சி நீண்டால் சேமிப்பும் கூடும். அப்படியானால் நாம் முகர்வது மழையை மட்டுமல்ல, மழை இல்லாதிருந்த நாட்களையும்தான். ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர் வைத்தவர்களே தேவர்களின் குருதியை நினைத்திருக்கும்போது, வியப்பு எங்கே போய்விட்டது? உங்கள் பாடநூலைக் குறிப்பேட்டின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் துயரத்தை இயற்கையின் மேல் ஏற்றி எழுதுகிறேன். “மரமும் என்னோடு அழுதது” என்பது போல. இது பொய் என்று ஒரு நண்பர் சொன்னார். மனத்தில் உள்ளதை இயற்கை வழியே சொல்வது தவறா?

பதில்: சொல்வது தவறில்லை, சொல்லும் முறையைத்தான் உங்கள் நண்பர் குறை கூறுகிறார் என்று எண்ணுகிறேன். குறுந்தொகையில் தலைவி ஒருத்தி, தலைவன் உடனில்லாத நாட்களில் தான் எப்படி இருக்கிறாள் என்று தோழிக்குச் சொல்கிறாள். மக்கள் விட்டுச் சென்ற ஊரில், அணில்கள் ஆடும் முற்றத்தையுடைய தனித்த வீட்டைப் போலப் பொலிவிழந்திருக்கிறேன் என்பது அவள் கூற்று. அந்த அணில்கள் அழவில்லை. அவை மகிழ்ச்சியாக விளையாடுகின்றன. ஆள் நடமாட்டம் இருந்திருந்தால் அவ்வளவு அச்சமின்றி முற்றத்துக்கு வந்திருக்கமாட்டா. அணிலை அதன் இயல்பில் விட்டுவிட்டதனாலேயே வெறுமை நம்மைத் தாக்குகிறது. அந்தப் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கண்ட காட்சியே பெயராகி, அவரை அணிலாடு முன்றிலார் என்று அழைக்கிறோம். செம்மண்ணில் பெய்த நீரைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆனதும் இவ்வாறே.

உங்கள் மரம் உங்களோடு அழ வேண்டாம். நீங்கள் துயருற்றிருந்த அந்த வாரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் எழுதுங்கள். ஒருவேளை அது நிறையப் பூத்திருக்கலாம். அதுவே போதுமான துயரமாக இருக்கும்.

கேள்வி: இப்போதெல்லாம் பருவங்கள் முறை தவறி வருகின்றன. பெய்ய வேண்டிய காலத்தில் பெய்வதில்லை. பூக்கக் கூடாத மாதத்தில் மரம் பூக்கிறது. இந்த நிலையில் பருவங்களின் அழகைப் பாடுவது மனச்சாட்சிக்கு ஒவ்வாததாக இருக்கிறது. எழுதாமலே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அது இருக்கிறது. ஆயினும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்த நாட்களைப் பற்றிய பதிவுகள் கி.பி. 812 தொடங்கிக் கிடைக்கின்றன. பழைய நாட்குறிப்புகள், வரலாற்று ஏடுகள், கவிதைகள் ஆகியவற்றிலிருந்து ஆய்வாளர்கள் அவற்றைத் திரட்டினர். 2021ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று அந்த மரங்கள் முழுமையாகப் பூத்தபோது, 1200 ஆண்டுப் பதிவுகளில் அதுவே மிக முன்னதாக வந்த பூப்பு என்று சொல்ல முடிந்தது. பூவைக் கண்டு மகிழ்ந்து, அந்த நாளையும் எழுதி வைத்தவர்கள் இல்லையென்றால் இன்று அந்த ஒப்பீடு இல்லை. ஆகவே ஒவ்வொரு கவிதைக்கும் அடியில் தேதியையும், எந்த மரம், எந்த இடம் என்பதையும் குறித்து வையுங்கள். கவிதைக்கு அது தேவைப்படாமல் போகலாம். பின்னால் வருபவருக்குத் தேவைப்படும்.

முறை தவறிய பருவம் கவிதைக்குப் புதிதும் அன்று. மீண்டும் குறுந்தொகைக்கே செல்கிறேன். கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவன் வரவில்லை. ஆனால் கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். அப்போது தோழி, இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவில்லை, காலமில்லாத காலத்தில் பெய்த வம்ப மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டன, அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை என்கிறாள். மரம் ஏமாந்ததா, தோழி ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறாளா என்பது படிப்பவரின் மனத்தில் தீராமல் நிற்கிறது. மற்றொரு பாடலில் தலைவியே பேசுகிறாள்: காடே இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்று. வாக்கை நம்புவதா, பூவை நம்புவதா என்ற அந்தப் போராட்டம் இன்று நம் எல்லோருடையதாகவும் ஆகியிருக்கிறது.

காலம் தப்பிப் பூத்த மரத்தின் முன் நீங்கள் நிற்கும்போது, பக்கத்தில் யார் இருக்கிறார், அவருக்கு எதைச் சொல்லி ஆறுதல் தரப்போகிறீர்கள், அல்லது எதைச் சொல்லாமல் விடப்போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேசுபவர், கேட்பவர் இருவரையும் முடிவு செய்துவிட்டு முதல் வரியை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதிலிருந்து தொடர்வோம்.